பன்னிரண்டு வாட்

என் தம்பி எசென்குல்லை ஏமாளி என்று எங்கள் மலையூர் நாரினில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப்பேர் கல்யாணத்தை அவன்தான் படம்பிடித்தான். ஏமாளி அவன் இல்லை. ஆயுளில் ஒரே ஒரு பொருளைத்தான் அவன் சோதிக்காமல் வீட்டுக்குள் விட்டான். சோதிக்கவிடாமல் தடுத்தவள் நான். அவன் மகள் பெர்மெத்துக்கு ஒரு வீடு கிடைக்க வேண்டியிருந்தது. அது எப்படிக் கைநழுவிப் போனது என்பதை மற்றவர்கள் திரித்துச் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் விருந்துகளில் மைக் ஒரு வட்டம் வரும். கையில் கிண்ணமும் மைக்கும் கிடைத்துவிட்டால் எங்கள் ஆண்களுக்கு வள்ளல்தனம் தலைக்கேறிவிடும். ஒருவன் மாப்பிள்ளைக்குக் குதிரை தருவான், இன்னொருவன் மேய்ச்சல் நிலமே தருவான். மறுநாள் காலையில் தலைவலிதான் மிச்சம், குதிரை ஞாபகம் இருக்காது. ஆனால் எசென்குல்லின் கேமராவுக்கு ஞாபகம் இருக்கும். ஒருமுறை ஒரு பெண்குதிரைக்காக அண்ணன் தம்பி இருவர் வெட்டுக்குத்து வரை போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் மன்றம் எங்கள் வீட்டுக்கே வந்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய படத்தைப் போட்டுப் பார்த்தது. அண்ணன் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. குதிரை அன்று மாலையே கைமாறியது. அதிலிருந்து எந்த வழக்கு வந்தாலும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எசென்குல்கிட்ட படம் இருக்கா?"

பெர்மெத்துக்கு ஆறு வயதாகும்போதே அவன் மனைவி போய்ச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டில் இருந்த நான்தான் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி வளர்த்தேன். அவளை ஒமுர்சக்கின் மகன் ஷர்ஷெனுக்குக் கொடுத்தோம். ஒமுர்சக் பெரிய கை. கணினிக் கடை இரண்டு, ஊருக்கு வெளியே கிடங்கு ஒன்று. கல்யாணத்தில் மைக் அவரிடம் வந்தது. எழுந்து நின்று சொன்னார்: "ஆத்தோரத் தெருவுல புதுசா ஒரு வீடு கட்டியிருக்கேன். அது என் மருமகளுக்கு! மகனுக்கு இல்ல, நல்லா கேட்டுக்கங்க, மருமகளுக்கு! நாளைக்கு இந்தப் பயலே அவளை வெளிய போகச் சொன்னாலும், போக வேண்டியது இவன்தான்!" இருநூற்று நாற்பது பேர் கைதட்டினார்கள். எசென்குல் கேமராவுக்குப் பின்னால் அழுதான். அந்த இடத்தில் படம் லேசாக ஆடும். நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன்.

பத்திரம் மட்டும் ஒமுர்சக் பெயரிலேயே இருந்தது. "எழுதிக்கலாம் சம்பந்தி, வீடு எங்க ஓடியா போகுது?" என்றார். சம்பந்தியிடம் காகிதம் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கேட்டால் நீ என்னை நம்பவில்லை என்று அர்த்தம்.

இனி அந்தப் பெட்டியின் கதை. எசென்குல்லின் படங்கள் எல்லாம் ஒன்பது பழைய டிஸ்குகளில் இருந்தன. அவற்றில் இரண்டு ஒரே குளிர்காலத்தில் செத்தன. செத்துப்போன தன் அம்மா பாடிய படத்தைக் கேட்டு ஒருத்தி வந்தாள். இவன் இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றுதான் முடிவெடுத்தான்: எல்லாப் படத்தையும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரி இரண்டு டிஸ்கில், ஒன்று செத்தாலும் இன்னொன்றில் இருக்கும்படி வைக்கவேண்டும். பெட்டி அணையாமல் ஓடவேண்டும். யார் எப்போது கேட்டாலும் வீட்டில் உள்ள டிவியிலேயே எடுத்துப் போடவேண்டும்.

ஓட வைப்பதில்தான் சிக்கல். மலை முழுக்க மின் நிலையங்கள் இருந்தும் எங்கள் ஊர் விளக்கு மாலையானால் மஞ்சளடிக்கும். எல்லா வீட்டிலும் மின் அடுப்பில்தான் குளிர் காய்கிறோம். மின்சாரம் தாழும், போகும், வரும். அவன் பழைய கணினி சும்மா இருக்கும்போதே நூற்றுப்பத்து வாட் தின்றது. காமாஸ் லாரியின் பேட்டரி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதில் கட்டினால் பழைய கணினி ஒரு ராத்திரி தாங்காது. "பன்னிரண்டு வாட்டுக்குள்ள முடிச்சா, கரண்டே இல்லாம நாலு நாள் ஓடும் அக்கா" என்றான். அந்தப் பன்னிரண்டு அவனுக்குப் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் பன்னிரண்டு, ஆட்டுக்குப் புல் போடும்போதும் பன்னிரண்டு.

எனக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. டாக்டரைப் பார்க்கத் தலைநகர் பிஷ்கெக் போனபோது அவனும் கூட வந்தான். டாக்டரிடம் அரைமணி நேரம், கணினி பஜாரில் இரண்டரை நாள். சுவரில் செருகும் வாட் மீட்டர் ஒன்று அவன் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும். கடைக்காரன் கணினியின் தாய்ப்பலகை ஒன்றைக் காட்டினால், இவன் மீட்டரைச் செருகி, அதில் பலகையைச் செருகி, முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். பேசமாட்டான். எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அண்ணே, சாமான் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான் ஒரு கடைக்காரன்.

"பொண்ணுன்னா ஒரு பார்வை போதும்பா. இது பத்து வருஷம் வாயைத் திறக்காம ஓடணும்."

"அப்ப பொண்ணு இல்லதான்" என்றான் அவன். பக்கத்துக் கடையெல்லாம் சிரித்தது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது ஒரு சின்னப் பலகை. அலுவலகங்களில் கழித்துவிட்ட சரக்கு. பிராசசர் அதிலேயே பற்றவைத்திருந்தது, விசிறிகூடக் கிடையாது. வேகம் கம்மி என்று கடைக்காரனே சொன்னான். "படத்தை எடுத்துக் குடுக்க எதுக்கு வேகம்? நாய்க்கு எதுக்கு முழுத்தேங்காய்?" என்றான் இவன். அதற்கு ஒரே ஒரு மெமரிப் பட்டை. இரண்டு போட்டால் ஒரு வாட் கூடுமாம். மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் கடைக்காரர்கள் அத்தனை பேரோடும் சண்டை. ஐநூறு வாட் பெட்டி மலிவாகக் கிடைத்தது. "சுமைலாரியில ஒரு முட்டையை ஏத்திக்கிட்டுப் போற மாதிரி. லாரி குடிக்கிற டீசல்தான் மிச்சம்" என்று அதை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினி சார்ஜர் போல ஒரு சின்ன அடாப்டரை வாங்கினான். அதுவே பேட்டரியிலும் ஒத்துப்போகும் மாதிரி பார்த்துக்கொண்டான். பழைய சாமான் எதையும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்காமல் காசு எடுக்கவில்லை. அவனுடைய நிதானத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று நினைத்தால் அந்த இரண்டரை நாளுக்காக அவன் காலில் விழலாம் போலிருக்கிறது.

டிஸ்க் மட்டும் வாங்கவில்லை. மடிக்கணினியில் போடுகிற சின்ன டிஸ்க் இரண்டு, பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு, அடுத்த மாதம் வருவதாக ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தே மூன்று வாட்தான். அதற்கான பணத்தைத் தனியாக முடிந்து வைத்திருந்தான். டிஸ்கில் மட்டும் பழசு கூடாது என்பது அவன் சட்டம். "மத்தது போனா திரும்ப வாங்கலாம். இது போனா எதை வாங்குறது?" என்றான்.

அந்த மாதம்தான் பெர்மெத் குழந்தைக்குத் தொட்டில் விருந்து. ஒமுர்சக் வீட்டில் எண்பது பேர். முறைப்படி சம்பந்திக்குச் சப்பான் அங்கியும் கல்பாக் தொப்பியும் போட்டார்கள். அதன்பின் ஒமுர்சக் இன்னொன்றை எடுத்தார். வெள்ளிப் பையில் இரண்டு பெரிய டிஸ்குகள்.

"எங்க சம்பந்தி டிஸ்க் தேடிக்கிட்டு பஜார் பஜாரா அலையிறாராம்! ரெண்டு கடை வச்சிருக்கிற நான் உயிரோட இருக்கும்போதா? ஊரு சிரிக்காது? இந்தாங்க சம்பந்தி. எட்டு டெராபைட்டு. உங்க ஆயுசுக்கும் போதும், என் பேரன் கல்யாணத்துக்கும் போதும்!"

எண்பது பேரும் ஆகா என்றார்கள். எசென்குல் எழுந்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். வேறு என்ன செய்வான்?

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து, டிஸ்குகளைப் பழைய கணினியில் செருகிப் பார்த்தான். பெட்டியில் மாட்டிக்கொடுக்க ஒமுர்சக் மகனையும் கூடவே அனுப்பியிருந்தார். ஷர்ஷென் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். எசென்குல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"அக்கா, இந்தத் திருகு ஓட்டையைப் பாரு. மாட்டிக் கழட்டின தழும்பு இருக்கு."

"அதுக்கென்ன?"

"புதுசுல இது இருக்காது. ஆனா உள்ள பதிவாகிற மணிக்கணக்கு இது ஒரு மணி நேரம்கூட ஓடலைன்னு சொல்லுது. யாரோ கணக்கை அழிச்சிருக்காங்க. கிடங்குல காசு தோண்டப் போட்டிருந்த டிஸ்கா இருக்கும். ரெண்டு நாள் முழுசா படிக்க விட்டா சாயம் வெளுத்துடும்."

ஒமுர்சக்கின் கிடங்கில் கிரிப்டோ என்கிற கணினிக் காசு தோண்டுகிறோம் என்று நூற்றுக்கணக்கில் டிஸ்குகளை இராப்பகலாக ஓட்டியது ஊருக்கே தெரியும். அந்தக் காசு விலை விழுந்ததும் கிடங்கை மூடியதும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"மெதுவா பேசுடா! தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்குற? மாப்பிள்ளை அடுத்த ரூம்ல இருக்கார். நீ சோதனை போடறதை அவர் அப்பன்கிட்ட சொன்னா பேச்சு வாங்கப்போறது யாரு? நீயா? உன் பொண்ணு! 'உங்கப்பனுக்கு எங்க சாமான் நம்பிக்கை இல்லையாமே'ன்னு தினம் தினம் குத்துவாங்க. பேசாம மாட்டு."

அவன் அந்தத் திருகு ஓட்டையை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மாட்டினான். மீட்டரில் பத்தொன்பது வாட் காட்டியது. பன்னிரண்டும் போயிற்று.

மாப்பிள்ளை போன பிறகாவது சோதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவன் சொன்ன பதில் இது: "கெட்டதுன்னு தெரிஞ்சா மட்டும் என்னக்கா பண்ண முடியும்? திருப்பிக் குடுக்க முடியுமா? வேற வாங்கி மாட்ட முடியுமா? சம்பந்தி வர்றப்பல்லாம் பெட்டியைத் தட்டிப் பாத்து 'என் குதிரைங்க எப்படி ஓடுது சம்பந்தி'ன்னு கேக்கிறாரு." முடிந்து வைத்த பணத்தில் மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து என் வீட்டுத் துணிப்பெட்டியில் வைத்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டான். "ரெண்டு இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணுன்னு நீதானே சொன்ன? மூணாவது எதுக்கு, ஊறுகாய் போடவா?" என்றேன். அந்தப் பணத்தில் என் கண்ணுக்கு அறுவை செய்தோம். இப்போது எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

பழைய டிஸ்குகளில் மிச்சமிருந்ததையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றினான். பெர்மெத் கல்யாணம் இருந்த டிஸ்க் நகலெடுத்து முடித்த மறுவாரமே செத்தது. நல்ல வேளை என்று சந்தோஷப்பட்டோம். மற்றவற்றை அழித்துப் புதுப் படங்களுக்கு எடுத்துக்கொண்டான்.

பெட்டி நாலு வருஷம் ஓடியது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே ஓடியது. மின்சாரம் போகும், தெருவே இருண்டு கிடக்கும், அது பாட்டுக்கு லாரி பேட்டரியில் முனகிக்கொண்டிருக்கும். எத்தனையோ பேர் வந்து தங்கள் செத்தவர்களைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். எசென்குல் அவர்களுக்கு டீ ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பெருமையோடு வாசலில் நிற்பான்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு டிஸ்க் செத்தது. அவன் பதறவில்லை. இரண்டாவது இருந்தது. அதற்கு வேலை வைக்கக்கூடாது, புது டிஸ்க் வரும்வரை ஓய்வு கொடுக்கலாம் என்று பெட்டியை முதல்முறையாக முறைப்படி அணைத்தான். புத்தகத்தில் போட்டிருப்பதுபோல்தான் செய்தான்.

அந்த வாரமே பெர்மெத் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பையோடு வந்து நின்றாள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன ஷர்ஷென் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளை வசந்த காலத்தில் கூட்டிக்கொண்டு வருகிறானாம், ஆற்றோரத் தெரு வீட்டுக்கு. ஒமுர்சக் மருமகளிடம் மரியாதையாகத்தான் சொன்னாராம்: "நீயும் எங்க பொண்ணுதாம்மா. உங்கப்பா வீட்டுல கொஞ்ச நாள் இரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. எசென்குல் கொதிக்கவில்லை. சிரித்தான்! "அழாதம்மா. அவர் வாயாலயே சொல்லியிருக்கார். மகனுக்கு இல்ல, மருமகளுக்குன்னு. பெரியவங்க முன்னாடி போட்டா ஒரு நிமிஷம் போதும்" என்றான். பெர்மெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவி எதிரில் உட்கார்ந்தாள். அவன் பெட்டியைப் போட்டான்.

சுழலும் சத்தம் வரவில்லை. டக், டக் என்றது. அணைத்துப் போட்டான். மறுபடி டக், டக். ஓடிக்கொண்டே இருந்தவரை ஓடியது. ஒருமுறை நின்ற பிறகு எழுந்திருக்க அதற்குத் தெம்பில்லை. டிஸ்கைச் சால்வையில் சுற்றி அடுப்பருகே வைத்துச் சூடுகாட்டினான், காதோடு வைத்துக் கேட்டான், குழந்தைக்குச் சொல்வதுபோல் ஏதோ சொன்னான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பிஷ்கெக்கில் ரிப்பேர்க்காரன் திறந்து பார்த்துவிட்டு உள்ளே தகடு சுரண்டிப்போயிருக்கிறது என்றான். "அண்ணே, இது கிடங்குல செத்துச் செத்து ஓடின சரக்கு. கணக்கை அழிச்சு, புது ஸ்டிக்கரு ஒட்டியிருக்காங்க. இதை நம்பியா வச்சிருந்தீங்க? பாக்கத் தெரிஞ்சவரு மாதிரி இருக்கீங்களே" என்றான்.

பெரியவர்கள் மன்றம் பள்ளிக்கூடத்து அறையில் கூடியது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் இருபது பேரையாவது நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். வந்தது நாலு பேர். "ஏதோ சொன்னார், பாட்டு சத்தத்துல சரியா கேக்கலம்மா" என்றான் ஒருவன். அவன் மகன் ஒமுர்சக் கடையில் வேலை செய்கிறான். இன்னொருத்தி தான் அப்போது சமையலறையில் இருந்ததாகச் சொன்னாள். குதிரைக்கறி தின்றது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

தலைமைப் பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எசென்குல், படம் இருக்கா?"

"இருந்தது" என்றான். "டிஸ்க் செத்துப்போச்சு."

ஒமுர்சக் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நான் என்ன சொன்னேனோ, குடிச்சிருந்தேன். இருக்க இடம் தர்றேன்னு சொல்லியிருப்பேன். படம் இருந்தா போடுங்க, இப்பவே தலை வணங்கிட்டுப் போறேன்."

எசென்குல்லுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "அந்த டிஸ்க் நீங்க குடுத்தது! எண்பது பேர் முன்னாடி குடுத்தது! கிடங்குல தேஞ்ச குப்பையை வெள்ளிப் பையில போட்டுக் குடுத்தீங்க!"

ஒமுர்சக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"என்ன சம்பந்தி இப்படிச் சொல்றீங்க? எந்த டிஸ்கு? நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ குடுக்கிறேன், கடைப் பையன் எடுத்துக் குடுத்திருப்பான். நீங்க பஜாருல ஒரு பலகையை வாங்க ஒரு நாள் முழுக்க மீட்டர் வச்சுப் பாக்குற ஆளாச்சே. என் டிஸ்கையும் பாத்திருக்க வேண்டியதுதானே? நான் வேணாம்னா சொன்னேன்?"

இரண்டு பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. உட்காரச் சொன்னார்கள். பத்திரம் ஒமுர்சக் பெயரில் இருக்கிறது, வாக்குக்குச் சாட்சி இல்லை, குழந்தைக்கு மாதம் ஒரு மூட்டை மாவும் குளிர்காலத்துக்கு ஒரு ஆடும் அவர் தரவேண்டும் என்று தீர்ப்பு. ஒமுர்சக் அதற்கும் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். மாவு இரண்டு மாதம் வந்தது.

அதன்பின் எசென்குல் கேமராவை எடுக்கவில்லை. கூப்பிடவும் ஆளில்லை. படத்தைத் தொலைத்தவன் என்று பெயராகிவிட்டது. தங்கள் அம்மா, அப்பா படம் போனவர்கள் தெருவில் அவனைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ஒமுர்சக்கைப் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கிறார்கள்.

பெர்மெத் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாசி மாத வாக்கில் ஒருநாள் மத்தியானம் மூவரும் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அது பழசுன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "தெரியும்மா."

நான் குறுக்கே விழுந்தேன். "அவனைக் கேக்காத. நான்தான் தடுத்தேன். உன்னை அங்க பேச்சு பேசுவாங்களேன்னுதான்டி. உனக்காகத்தான்."

அவள் மாவுக் கட்டையை நிறுத்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"அங்க போன மூணாம் நாள்லேர்ந்து பேசினாங்க அத்தை. டீ ஆறிப்போச்சுன்னு பேசினாங்க, அம்மா இல்லாம வளர்ந்தவள்னு பேசினாங்க, கல்யாணத்துல படம்பிடிச்சுப் பிழைக்கிறவன் பொண்ணுன்னு பேசினாங்க. எட்டு வருஷம், ஒரு நாள் விடாம. நீங்க சோதிச்சிருந்தா அதோட இன்னும் ஒண்ணு சேர்ந்திருக்கும். அவ்வளவுதான். நான் கேட்டுக்கிட்டு என் வீட்டுல இருந்திருப்பேன்."